கட்டி தட்டாத கிரீம் கிரேவி: புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் பாக்கெட் கிரேவிப் பொடியை வாங்கி அடுக்காதீர்கள். வெண்ணெய், மைதா, பால், உப்பு, மிளகு இருந்தால் அடுப்பில் கால் மணி நேரத்துக்குள் முடிகிற வேலை இது. மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த காய்கறி, பொரித்த கோழி என்று எதன் மேலும் ஊற்றிக்கொள்ளலாம். பொறுமை தேவைப்படுவது இரண்டு இடங்களில் மட்டும்: மாவு வெண்ணெயில் வதங்கும்போது, அப்புறம் பால் ஊற்றும்போது.

ஒரு கப் பாலுக்கு 2 மேசைக்கரண்டி வெண்ணெய், 2 மேசைக்கரண்டி மைதா. நடுத்தரக் கெட்டியில் வரும். இன்னும் திக்காக வேண்டுமென்றால் இரண்டையும் 3 கரண்டியாக்குங்கள். அளவுக் கரண்டியில் ஒரு வம்பு இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் மேசைக்கரண்டி 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20 மி.லி. கப் மட்டும் அவ்வளவாக மாறாது. அமெரிக்காவில் சுமார் 240 மி.லி., ஆஸ்திரேலியாவில் 250 மி.லி. அதனால் அமெரிக்கச் செய்முறையை ஆஸ்திரேலியக் கரண்டியால் அளந்தால் கிரேவி எதிர்பார்த்ததைவிடக் கெட்டியாகிவிடும்.

மாவு வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். ‘ப்ளெயின்’ அல்லது ‘ஆல் பர்ப்பஸ்’ என்று இருப்பதுதான் நமக்கு வேண்டிய மைதா. ‘செல்ஃப் ரைசிங்’ என்று இருந்தால் அதில் பேக்கிங் பவுடர் கலந்திருக்கும், கிரேவிக்கு வேண்டாம்.

பாத்திரம் அடி கனமாக இருக்கட்டும். கையில் ஒரு விஸ்க் (கலக்கி அடிக்கும் கம்பிக் கரண்டி) இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நான்ஸ்டிக் என்றால் சிலிக்கான் விஸ்க் எடுங்கள், கம்பி பூச்சைக் கீறிவிடும். அடுப்பைப் பழகிக்கொள்ளவும் சில நாள் ஆகும். சுருள் கம்பி (coil) மின் அடுப்பிலும் கண்ணாடி மேற்பரப்புள்ள மின் அடுப்பிலும் குமிழைத் திருப்பினாலும் சூடு உடனே குறையாது. தீய்கிற மாதிரி தெரிந்தால் பாத்திரத்தையே தூக்கி ஓரமாக வையுங்கள். இண்டக்‌ஷன் சொன்னபடி கேட்கும், ஆனால் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள எக்ஸாஸ்டை முதலிலேயே போட்டுவிடுங்கள். வெண்ணெய் கருகினால் புகை அலாரம் கத்தும், அப்புறம் அக்கம்பக்கத்தாரிடம் வேறு விதமாக அறிமுகமாக வேண்டியிருக்கும்.

சரி, செய்முறை. மிதமான தீயில் வெண்ணெயை உருக்குங்கள். நுரை அடங்கியதும் மைதாவைத் தூவி, இரண்டு நிமிடம் விடாமல் கிளறுங்கள். நிறம் மாறத் தேவையில்லை. பச்சை மாவு வாடை போய் பிஸ்கட் மாதிரி ஒரு வாசம் வந்தால் போதும். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் கட்டி தட்டும். காரணம் எளியது. வறண்ட மாவு சூடான திரவத்தில் விழுந்தால் அதன் வெளிப்பக்கம் உடனே பசையாகி உள்ளே இருக்கும் மாவை மூடிக்கொள்ளும். உடைத்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் பொடி அப்படியே இருக்கும். முன்பே கொழுப்பில் புரண்ட மாவுத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும், பால் வந்ததும் சீராகக் கலந்துவிடும்.

பாலைக் கால் கப் கால் கப்பாக ஊற்றுங்கள். முதல் தடவை ஊற்றியதும் எல்லாம் இறுகி உருண்டைபோல ஆகும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும். வழவழப்பாகும்வரை அடித்துவிட்டு அடுத்த கால் கப். மூன்றாவது தடவைக்குப் பிறகு மீதியை மொத்தமாகவே ஊற்றலாம். பால் சூடாக இருக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிறிது சிறிதாக ஊற்றினால் ஃப்ரிட்ஜ் பாலே போதும்.

பால் முழுக்க ஊற்றியதும் கிரேவி தண்ணியாகத் தெரியும். இங்கேதான் பலர் இன்னொரு கரண்டி மாவைப் போட்டுக் கெடுக்கிறார்கள். கோதுமை ஸ்டார்ச் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி உப்பத் தொடங்கினாலும், முழுக் கெட்டித்தன்மை கொதிநிலையை நெருங்கும்போதுதான் வரும். அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே லேசான கொதி வரவிட்டு, தீயைக் குறைத்து மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். கரண்டியின் பின்புறத்தில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. ஆறினால் இன்னும் இறுகும், அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் இளக்கமாக இறக்குங்கள்.

உப்பும் மிளகும் கடைசியில். பாலில் பாதிக்குப் பதில் ஸ்டாக் (காய்கறியோ எலும்போ வேகவைத்து வடித்த சாறு) சேர்த்தால் ருசி கூடும். ஆனால் கடையில் கட்டியாக விற்கும் ஸ்டாக் க்யூபில் உப்பு தூக்கலாக இருக்கும், ருசி பார்த்த பிறகே உப்பு போடுங்கள். கொழுப்பு நீக்கிய பாலை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், வாயில் வழவழப்பே இருக்காது. முழுப் பால் எடுத்து, இறக்கும்போது இரண்டு கரண்டி ஹெவி கிரீம் கலந்தால் ஹோட்டல் பதம் வந்துவிடும்.

இன்னும் ஆழமான ருசி வேண்டும் என்பவர்கள் இறைச்சியோ காளானோ வதக்கிய அதே வாணலியில் தொடங்குங்கள். அடியில் ஒட்டிய பழுப்புப் படலத்தில்தான் ருசி இருக்கிறது. ஸ்டாக்கை ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் கரைந்து வரும். கறுத்துப் போயிருந்தால் மட்டும் கழுவிவிடுங்கள், கசக்கும். நீங்கள் சைவம் என்றால், வெளியில் கிரேவி பரிமாறும்போது கேட்டுவிட்டுத் தொடுங்கள். இறைச்சிக் கொழுப்பிலோ கோழி ஸ்டாக்கிலோ செய்வது சகஜம், வெள்ளையாக இருப்பதால் சைவம் என்று நினைத்துவிடக் கூடாது.

வாசகர்கள் கேட்ட சில கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கட்டி தட்டிவிட்டது என்றவருக்கு: வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து எடுங்கள், வேலை முடிந்தது. மிக்ஸியிலும் அடிக்கலாம், ஆனால் கொதிக்கக் கொதிக்க மூடி போட்டு அடித்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். ஆறவிட்டு அடியுங்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத விருந்தினர் வருகிறார் என்றவருக்கு: சோள ஸ்டார்ச் எடுங்கள். நம் ஊரில் கார்ன்ஃப்ளார் என்று வாங்கும் அதே வெள்ளைப் பொடிதான், ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெயரில் அரைத்த சோள மாவைத் தருவார்கள். அங்கே ‘கார்ன்ஸ்டார்ச்’ என்று பார்த்து வாங்குங்கள். மைதாவில் பாதி அளவு போதும். குளிர்ந்த பாலில் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றிக் கிளறுங்கள். ஸ்டாக் க்யூபின் லேபிளையும் பாருங்கள், சிலவற்றில் கோதுமை இருக்கும்.

பசும்பால் வேண்டாம் என்றவருக்கு: ஓட்ஸ் பால், சோயா பால் இரண்டிலும் வரும். சர்க்கரையும் வெனிலாவும் சேர்க்காததாகப் பார்த்து எடுங்கள்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். கல்லாக இறுகியிருக்கும். கொஞ்சம் பால் தெளித்து, சிறு தீயில் விஸ்க்கால் அடித்தபடி கொதிக்கவிட்டால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.

ஒன்று மறந்துவிடப் போகிறேன்: பாத்திரத்தில் மிஞ்சும் கொழுப்பை சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும், வாடகை வீட்டில் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். டிஷ்யூவால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள்.