குரூப் ஓ பாசிடிவ், ஆனால் எந்த ஓ பையும் சேரவில்லை

கேள்வி: ரத்த சேமிப்பு மையம்

ஒரு நோயாளியின் ரத்தம் ஸ்லைடில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி (குரூப் பார்க்கும் எதிர்ப்பொருள் திரவங்கள்) இரண்டிலும் திரளவில்லை. ஆன்டி-டியில் நன்றாகத் திரண்டது. ஓ பாசிடிவ் என்று எழுதிவிட்டு க்ராஸ்மேட்ச் (நோயாளியின் சீரத்தைப் பையின் செல்லோடு கலந்து பார்ப்பது) போட்டால், நான்கு ஓ பாசிடிவ் பையும் சேரவில்லை. ஓ நெகட்டிவ் ஒன்றும் அப்படியே. கூம்ப்ஸ் என்ற அடுத்த கட்டச் சோதனை வரை போகவே வேண்டாம், சலைன் டியூபைச் சுற்றி எடுத்த உடனே பெரிய கட்டி. நோயாளிக்கு இதுவரை ரத்தம் ஏற்றியதில்லை, பிரசவமும் இல்லை. ஹீமோகுளோபின் 7.2, அறுவை அடுத்த வாரம். ரீஏஜென்ட் கெட்டுவிட்டதா, சாம்பிள் மாறிவிட்டதா? வார்டிலிருந்து "ஓ நெகட்டிவ்தான் எல்லாருக்கும் ஏற்றலாமே, அதைக் கொடுங்க" என்கிறார்கள்.

பதில் 1: பிளட் பேங்க் மேசை

கொடுக்காதீர்கள். க்ராஸ்மேட்ச் சேரவில்லை என்றால் அது தகவல், தடங்கல் இல்லை.

சாம்பிள் மாறியிருக்குமோ என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுங்கள். புதிதாக ஒரு ஊதா மூடி டியூப், ஒரு சிவப்பு மூடி டியூப். நோயாளியின் பக்கத்தில் நின்றே பெயரும் ஐபி நம்பரும் எழுத வேண்டும். மேசைக்கு வந்து எழுதுவது, முன்கூட்டியே லேபிள் ஒட்டிய டியூபில் எடுப்பது, இரண்டும் வேண்டாம்.

அடுத்து, நீங்கள் செய்ததாகச் சொல்லாத ஒன்று: ரிவர்ஸ் குரூப்பிங், அதாவது நோயாளியின் சீரத்தைக் குரூப் தெரிந்த செல்லோடு சேர்த்துப் பார்ப்பது. ஸ்லைடில் பார்ப்பது செல்லை, அதாவது சிவப்பணுவை மட்டும்தான். சீரத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்லைடு சொல்லாது. நான்கு டியூப் வையுங்கள். ஒவ்வொன்றிலும் நோயாளியின் சீரம் 2 சொட்டு. முதலாவதில் ஏ செல், இரண்டாவதில் பி செல், மூன்றாவதில் ஓ செல், நான்காவதில் நோயாளியின் சொந்தச் செல், எல்லாம் 5 சதவீதக் கரைசலாக ஒரு சொட்டு. ஒரு நிமிடம் சுற்றி, மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பலர் ஓ செல் டியூபை வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை அந்த டியூபில்தான் இருக்கிறது.

ஓ செல் திரண்டு, சொந்தச் செல்லும் திரண்டால் பெரும்பாலும் குளிரில் வேலை செய்யும் தன் எதிர்ப்பொருள்; 37 டிகிரியில் வைத்தால் வலு குறையும். இரண்டும் நாணயம் அடுக்கியது போல ஒட்டியிருந்தால் ரூலோ (உண்மையான திரளல் அல்ல), சலைன் விட்டதும் பிரியும். ஓ செல் பலமாகத் திரண்டு சொந்தச் செல் சுத்தமாக இருந்தால் மறுபடி எழுதுங்கள், அடுத்த கட்டம் சொல்கிறேன்.

சேமிப்பு மையம்

புது சாம்பிளிலும் அதே குரூப்தான். ரிவர்ஸில் ஏ, பி, ஓ மூன்றும் ஒரே கட்டி. சொந்தச் செல்லில் ஒன்றும் இல்லை. 37 டிகிரியில் வைத்தும் ஓ செல் கட்டி கரையவில்லை.

பதில் 2: பிளட் பேங்க் மேசை

அப்படியானால் பாம்பே என்ற அரிய குரூப் என்றே எடுத்துக்கொண்டு நகருங்கள். உறுதி செய்ய ஆன்டி-எச் லெக்டின் (எச் உள்ள செல்லைத் திரளவைக்கும் புரதம்) வேண்டும். அது யூலெக்ஸ் என்ற செடியின் விதையிலிருந்து எடுப்பது. சாதாரண ஓ செல்லை அதில் விட்டால் பலமாகத் திரளும்; பாம்பே செல் அசையாது. சேமிப்பு மையத்தில் இது இருக்காது, உங்களுக்குப் பை அனுப்பும் தாய் ரத்த வங்கிக்கு இரண்டு டியூபையும் அனுப்புங்கள்.

ஏ, பி இரண்டும் எச் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்படுபவை. ஓ குரூப்காரரிடம் மேல்கட்டு இல்லை, அடித்தளம் மட்டும் நிறைய இருக்கும். பாம்பே குரூப்பில் எச் மரபணுவின் இரண்டு பிரதியும் வேலை செய்யாததால் அடித்தளமே இல்லை. ஆகவே அவர்கள் சீரத்தில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி மட்டுமல்ல, ஆன்டி-எச்சும் இயற்கையாகவே உருவாகிவிடும். முன்பு ரத்தம் ஏற்றாமலும் பிரசவம் ஆகாமலும் இவ்வளவு பலமான கட்டி வந்ததற்குக் காரணம் அதுதான். இந்த ஆன்டி-எச் உடல் சூட்டிலும் செல்லை உடைக்கும். ஓ செல்லில்தான் எச் அதிகம் என்பதால், வார்டில் கேட்கும் அந்த ஓ நெகட்டிவ் பைதான் இவருக்கு மிக மோசமான தேர்வுகளில் ஒன்று. நெகட்டிவ் என்பது செல்லின் மேல் டி என்ற பொருள் இல்லை என்று மட்டுமே சொல்கிறது, எச்சைப் பற்றிப் பேசவில்லை.

1952-ல் பெண்டேயும் குழுவினரும் மும்பையில் கண்டுபிடித்ததால் இந்தப் பெயர். இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் என்பார்கள். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடும். ஒரு கிளைச் செய்தி: இவர்களிடம் ஏ அல்லது பி மரபணு மறைந்தே இருக்கலாம், அது பிள்ளைக்குப் போய் வெளிப்படும். "அம்மா ஓ, பிள்ளை எப்படி ஏபி?" என்று வீட்டில் வம்பு கிளம்பினால், அம்மாவின் ரிவர்ஸ் குரூப்பைப் பார்க்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

பதில் 3: ரத்த மைய ஆலோசகர்

இவருக்குச் சேருவது இன்னொரு பாம்பே குரூப்காரரின் ரத்தம்தான். அதைத் தேடும்போது கூடப்பிறந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். பெற்றோர் இருவரும் எச் மரபணுவில் ஒரு நல்ல பிரதியும் ஒரு கெட்ட பிரதியும் கொண்டவர்கள் என்றால், ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் பாம்பேயாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அவர்களுக்கும் ரிவர்ஸ் குரூப்போடு பார்க்க வேண்டும். "எனக்கும் ஓ பாசிடிவ்தான்" என்ற ஸ்கூல் கார்டை நம்ப வேண்டாம்.

கிடைத்தவர் கூடப்பிறந்தவர் என்றால் இன்னொரு பொறி உண்டு. நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுவை நோயாளியின் உடல் அந்நியமாக எண்ணாமல் விட்டுவிடலாம். அது உள்ளே பெருகி எலும்பு மஜ்ஜையையும் தோலையும் தாக்கும். வந்தால் பெரும்பாலும் உயிர் தங்காது. பையைக் கதிர்வீச்சுக்குட்படுத்தினால் தடுக்கலாம், 25 கிரே (கதிர்வீச்சின் அளவு) போதும். வெள்ளணு வடிகட்டி மட்டும் இதற்குப் போதாது. கதிர்வீச்சு வசதி எல்லா ரத்த வங்கியிலும் இருக்காது, எனவே முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தானம் கொடுப்பவருக்கு வழக்கமான வரம்புதான்: 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தும் பார்த்த பிறகே பை வெளியே வரும். பாம்பே ஆயிற்றே, கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

அவசரமில்லாத அறுவை என்றால் தள்ளிப்போட்டு இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றி ஹீமோகுளோபினை உயர்த்தலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். 7.2-ல் கத்தி வைப்பதைவிட அது மலிவு. ஒரு பை செல் ஏற்றினால் கூடுவது தோராயமாக 1 கிராம்தான்.

பதில் 4: வார்டு நர்ஸ்

பை கிடைத்த பிறகு வார்டில் கெடுவதைப் பற்றியும் எழுதியாக வேண்டும். தவறான ஏபிஓ ரத்தம் ஏறுவதற்கு ஆய்வகத்தைவிட, படுக்கை மாறுவதுதான் பெரிய காரணம். இரண்டு பேர் சேர்ந்து, நோயாளியையே பெயர் சொல்லச் சொல்லி, கைப்பட்டை, பையின் லேபிள், க்ராஸ்மேட்ச் தாள் மூன்றையும் ஒப்பிட வேண்டும். "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால் அரைமயக்கத்தில் யாரும் தலையாட்டுவார்கள்.

பை வந்து 30 நிமிடத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வார்டு ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, உறைந்தால் செல் உடைந்துவிடும். சூடு ஏற்ற வெந்நீரில் போடுவதும் அப்படியே. வடிகட்டி உள்ள பிளட் செட் மட்டும் பயன்படுத்துங்கள். கூட ஓடலாம் என்றால் நார்மல் சலைன் ஒன்றுதான். டெக்ஸ்ட்ரோஸ் செல்லை ஊதி உடைக்கும், ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியம் ரத்தத்தைக் குழாய்க்குள்ளேயே உறைய வைக்கலாம்.

முதல் 15 நிமிடம் நிமிடத்துக்கு 1 முதல் 2 மில்லி. செட் உறையில் 20 துளி 1 மில்லி என்று இருந்தால் 20 முதல் 40 துளி. ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, ஊசி போட்ட நரம்பில் எரிச்சல், "என்னமோ பண்ணுது" என்ற பதற்றம், எது வந்தாலும் முதலில் கிளாம்பை மூடுங்கள். டாக்டரைக் கூப்பிடுவது அதற்கு அடுத்து. ஊசியை எடுக்காமல் புது செட்டில் சலைன் ஓட்டுங்கள். பை, செட், புது ரத்த சாம்பிள், முதல் சிறுநீர் எல்லாம் ரத்த வங்கிக்குத் திரும்பப் போக வேண்டும். மயக்க மருந்தில் இருப்பவர் எதுவும் சொல்ல மாட்டார். ரத்த அழுத்தம் சரிவதும் சிறுநீர்ப் பையில் கோலா நிறம் வருவதும்தான் அங்கே அடையாளம்.

சேமிப்பு மையம்

தாய் ரத்த வங்கிக்கு டியூப் போய்விட்டது. ஒரு தம்பி, ஒரு அக்கா இருக்கிறார்கள். நாளை காலை வரச் சொல்லியிருக்கிறேன். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

பதில் 5: பிளட் பேங்க் மேசை

"ஓ பாசிடிவ்" என்று ஏற்கெனவே கொடுத்த தாளைத் திரும்ப வாங்கி ரத்து செய்யுங்கள். அது கேஸ் ஷீட்டில் இருக்கும் வரை ஆபத்து. லெக்டின் முடிவு வரும் வரை "குரூப் முடிவாகவில்லை, பாம்பே என ஐயம், ஓ பை கொடுக்கக் கூடாது" என்று சிவப்பில் எழுதுங்கள். அக்கா, தம்பி இருவருக்கும் ஓ செல் டியூபை மறக்க வேண்டாம்.