பதினைந்து வயது மகளுக்கு நல்ல உணவிலும் விளையாட்டிலும் மீண்டும் நாட்டம் வர என்ன செய்யலாம்?

கேள்வி: திருச்சியிலிருந்து ஒரு தாய்

என் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள், வயது பதினைந்து. எட்டாம் வகுப்புவரை பள்ளியின் கோ-கோ அணியில் ஓடித் திரிந்தவள், ஒன்பதாம் வகுப்பில் டியூஷனில் சேர்ந்ததிலிருந்து மைதானத்துப் பக்கமே போவதில்லை. காலையில் ஒரு தோசையைக்கூட முழுதாகச் சாப்பிடாமல் பள்ளி வேனில் ஏறுகிறாள். மதிய உணவு டப்பா பாதி நிறைந்தபடியே திரும்பி வருகிறது. மாலையில் பள்ளிக்கு அருகில் பப்ஸும் குளிர்பானமும், டியூஷன் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பியதும் நூடுல்ஸும் தேநீரும்தான் அவளுக்கு உணவு. "இப்படியே போனால் சர்க்கரை நோய் வரும்" என்று நான் சொல்லாத நாளில்லை. தன் தாத்தா அந்த நோயால் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவள்தான். ஆனாலும் அந்தப் பேச்சு அவள் மனத்தில் இறங்கவில்லை. குடும்பத்தோடு காலை நடைப்பயிற்சி தொடங்கினோம். நான்காம் நாளே எழ மறுத்துவிட்டாள். எந்நேரமும் சோர்ந்து படுத்திருக்கிறாள். "கைப்பேசி பார்க்க மட்டும் தெம்பு இருக்கிறதா" என்று கேட்டால் அழுகிறாள். எடை கூடுவதையும் சுட்டிக்காட்டிப் பார்த்துவிட்டேன். திட்டாமலும் கெஞ்சாமலும், அவளாகவே விரும்பித் திரும்ப வழி உண்டா?

பதில் 1: உடற்கல்வி ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

அம்மா, அவள் ஏன் விளையாட்டை விட்டாள் என்று ஒருமுறை நிதானமாகக் கேட்டிருக்கிறீர்களா? இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெண் பிள்ளைகளை அணிக்குத் தயார் செய்கிறேன். எட்டாம் வகுப்பு முடிந்ததும் நன்றாக ஆடியவர்களே ஒருவர்பின் ஒருவராக விலகிப் போவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களில் சோம்பலால் விலகியவர்கள் மிகச் சிலரே. மாதவிடாய் நாளில் உடையில் கறை பட்டுவிடுமோ என்ற அச்சம், மைதானத்துக்கு அருகில் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை இல்லாமை, சாலையோர மைதானத்தில் வேடிக்கை பார்க்க நிற்பவர்களின் பேச்சு, உடன் ஆடிய தோழி வேறு பள்ளிக்குப் போய்விட்டது ஆகியவைதான் நான் திரும்பத் திரும்பக் கேட்ட காரணங்கள். இவற்றில் எதையும் பிள்ளைகள் தாமாக வந்து வீட்டில் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டாலோ, விளையாட்டுப் பாடவேளையும் கணக்குக்குப் போய்விடுகிறது.

கோ-கோவில் எட்டுப் பேர் மாறி மாறி எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருக்க, முதுகைத் தட்டிக் "கோ" என்று சொன்ன மறுநொடியில் பாய்ந்தவள் உங்கள் மகள். அவள் இழந்தது ஓட்டத்தை மட்டும் என்று எண்ணாதீர்கள்; தன்னை நம்பி ஓர் அணி காத்திருக்கிறது என்ற உணர்வையும் இழந்திருக்கிறாள். பெற்றோருக்குப் பின்னால் பூங்காவைச் சுற்றி வருவது அதற்கு ஈடாகாது. 5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு வாரம் முழுவதற்குமான சராசரியாக நாளுக்கு 60 நிமிடங்கள் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே மூச்சில் செய்தாக வேண்டியதில்லை. டியூஷனுக்கு மிதிவண்டியில் வேகமாகப் போய்வருவதும் கணக்கில் சேரும். பழைய தோழிகளில் நான்கு பேர் ஞாயிறு காலையில் கூட ஓர் இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். எட்டுக் கட்டம் போட ஆளில்லாவிட்டாலும் ஓடிப் பிடிக்க நான்கு பேர் போதும்.

பதில் 2: உணவியல் ஆலோசகர், மதுரை

"எந்நேரமும் சோர்ந்து படுத்திருக்கிறாள்" என்ற வரியில்தான் என் கண் நின்றது. ஊக்கத்தைப் பற்றிப் பேசுமுன், தயவுசெய்து இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவின் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. வேகமாக வளரும் உடல் ஒருபுறம் இரும்புச்சத்தைக் கேட்க, மாதவிடாய் மறுபுறம் அதை வெளியேற்றிவிடுகிறது. ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குப் படியேறினாலே மூச்சு வாங்கலாம். அந்த நிலையில் ஓடச் சொன்னால் அவள் மறுப்பதில் வியப்பில்லை. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒன்றாகக் கொடுக்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை உங்கள் மகள் பள்ளியிலும் கொடுக்கிறார்களா, அவள் விழுங்குகிறாளா என்பதையும் கேளுங்கள். வயிறு குமட்டுகிறது என்று பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேருவதைத் தடுக்கிறது; இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முருங்கைக் கீரையும் பயறும் நல்லவைதாம். அவற்றின் இரும்புச்சத்து எளிதில் சேருவதில்லை என்பதால் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூட இருக்கட்டும். அசைவம் உண்பவர்களானால் ஆட்டு ஈரலும் இறைச்சியும் விரைவாகப் பலன் தரும்.

காலை உணவைப் பொறுத்தவரை அவளைக் குறை சொல்லாதீர்கள். இந்த வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. பின்னிரவில் தூங்கி ஆறு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்குப் பசி இருக்காது. பத்தரை மணி இடைவேளைக்கு இரண்டு இட்லியோ, சுண்டலோ, கடலை மிட்டாயோ, எது என்பதை அவளே தேர்ந்தெடுக்கும்படி கொடுத்தனுப்புங்கள்.

பதில் 3: கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

அம்மா, எடையைப் பற்றிப் பேசுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். என் வீட்டிலும் அக்கறையால்தான் சொன்னார்கள். உறவினர் முன்னிலையில் "இரண்டாவது சப்பாத்தி வேண்டாம்" என்று தட்டை நகர்த்திய நாளிலிருந்து நான் ஒளித்துத் தின்னக் கற்றுக்கொண்டேன். பகலில் பட்டினி கிடந்து, நள்ளிரவில் பிஸ்கட் பொட்டலத்தை ஓசையின்றிப் பிரிப்பேன். அந்தப் பழக்கத்திலிருந்து மீள எனக்கு மூன்றாண்டுகள் ஆயின. விடுதியில் அறைத்தோழி இறகுப்பந்து ஆடக் கூப்பிட்டபோது அவள் என் உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆட ஆள் குறைகிறது, வா என்று மட்டுமே சொன்னாள். உங்கள் மகளும் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகையைக் கவனியுங்கள்.

பதில் 4: மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர், தஞ்சாவூர்

நாற்பது வயதில் வரக்கூடிய நோயைக் காட்டிப் பதினைந்து வயதை அசைப்பது கடினம். அந்த வயதுக்கு இன்றே பொருட்படும் சில மதிப்புகள் உண்டு: தன் முடிவைத் தானே எடுப்பதும், யாரிடமும் ஏமாறாமல் இருப்பதும் அவற்றில் முதன்மையானவை. டெக்சாஸில் 500-க்கும் மேற்பட்ட எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உணவு நிறுவனங்கள் விளம்பரத்தால் இளையோரை எப்படி வளைக்கின்றன என்பதைப் படித்த மாணவர்கள், வழக்கமான சத்துணவுப் பாடம் படித்தவர்களைவிட, மறுநாள் நல்ல தின்பண்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019-இல் வந்த அதன் தொடர் ஆய்வில் பள்ளி உணவகத்தில் வாங்கும் பழக்கத்தில் மூன்று மாதம் நீடித்த மாற்றம் மாணவர்களிடமே காணப்பட்டது, மாணவிகளிடம் அவ்வளவாக இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, ஆய்வகத் தராசில் 26 கிராம் சர்க்கரையை அவர்களையே நிறுக்கச் சொல்கிறேன். 250 மில்லிலிட்டர் கோலா பானத்தில் ஏறத்தாழ அவ்வளவு இருக்கிறது. பொட்டலத்தின் பின்புறம் சேர்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும் என்று தெரிந்ததும், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டத் தொடங்குகிறார்கள். இன்னொன்று, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அந்தப் பப்ஸ் கடை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் எழுப்பலாம். அந்தச் சுமையைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் மனவுறுதிமேல் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை.

கேள்வி கேட்ட தாய், மூன்று வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓராண்டாக அவளைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். அன்றிரவே மன்னிப்புக் கேட்டேன். பிறகுதான் சொன்னாள்: ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பயிற்சியின்போது உடையில் கறை பட்டு யாரோ சிரித்திருக்கிறார்கள், டியூஷன் ஒரு சாக்காக அமைந்துவிட்டது. மருத்துவர் தந்த மாத்திரையை எடுத்துக்கொள்கிறாள். தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் வேறு நேரத்துக்கு அவளே மாற்றிக்கொண்டாள். நூடுல்ஸ் இன்னும் வாரத்தில் மூன்று நாள் உண்டு. அதைப் பற்றி நான் இப்போது பேசுவதில்லை. இரண்டு ஞாயிறுகளாகப் பழைய தோழிகள் மூவரோடு பள்ளி மைதானத்தில் ஆடுகிறாள். கறுப்புக் கால்சட்டை போட்டுக்கொள்ளப் பள்ளியில் அனுமதி வாங்கினேன். இப்போதைக்குப் பத்து நிமிடம் ஓடினால் உட்கார்ந்துவிடுகிறாள்.

ஒரே ஒரு தடை மீதமிருக்கிறது. டியூஷன் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. நேரத்தை மாற்ற அங்கே மறுக்கிறார்கள். பொதுத்தேர்வு ஆண்டில் வாரத்தில் இரண்டு நாள் அதை நிறுத்திவைத்த பெற்றோர் யாரேனும் இருந்தால், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

பதில் 5: உடற்கல்வி ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

பத்து நிமிடம் என்பது நல்ல தொடக்கம், அம்மா. இரத்த அளவு ஏறும்வரை மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்ட வேண்டாம். டியூஷனை முழுதாக நிறுத்தாமல், அவளுக்குக் கைவந்த பாடத்தை மட்டும் விட்டுப் பாருங்கள். எந்தப் பாடம் என்பதை அவளே சொல்லட்டும்.