நாகராசா என்று பெயர் உள்ளவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

கிளிநொச்சியில் கண்டாவளைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், முந்தித் தெருவுக்குத் தெரு நாகராசா, நாகலிங்கம், நாகேந்திரன் என்று யாராவது இருப்பார்கள். எல்லாம் புளியம்பொக்கணைக் கோயிலில் இருக்கும் பாம்புத் தெய்வமான நாகதம்பிரானை நினைத்து வைத்த பெயர்கள். பிள்ளை வரம் கேட்டு நேர்த்தி வைத்தவர்கள், வயலில் பாம்பு கடித்துப் பிழைத்தவர்கள் பங்குனி உத்தரப் பொங்கலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, பிறந்த பொடியனுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். என் அப்பப்பாவும் நாகராசாதான். அதனால் என் மகனுக்கும் அதையே வைத்தேன், சொந்தக்காரர் பலருக்குப் பிடிக்கவில்லை, பழைய பெயராம். உங்கள் ஊர்களில் எப்படி?

*

நாங்கள் வவுனியா வடக்கு, எங்களுக்குப் புதூர் நாகதம்பிரான். மாமாவுக்கு அரிவி வெட்டு நேரம் புடையன் பாம்பு கடித்தது. உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய், விஷமுறிவு மருந்து ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். ஆனால் மாமி அந்த இரவு முழுக்கக் கூப்பிட்டது நாகதம்பிரானைத்தான், பிறகு பிறந்த மச்சான் நாகேஸ்வரன். அவனிடம் போய்ப் பழைய பெயர் என்று சொல்லிப் பாருங்கள்!

*

பழையது என்றால் எவ்வளவு பழையது என்று அந்தச் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள். புறநானூற்றின் 2ஆம் பாட்டைப் பாடியவர் முரஞ்சியூர் முடிநாகராயர். மருதன் இளநாகனார், நன்னாகனார் என்று சங்கப் புலவர்களில் இன்னும் எத்தனை பேர்! அனுராதபுரத்தை ஆண்டவர்களிலும் இளநாகன், சோரநாகன் உண்டு. வவுனியா பெரியபுளியங்குளத்துக் குகைகளில் உள்ள பிராமிக் கல்வெட்டிலும் ஒரு நாக அரசன் பெயர் வருகிறது, நம் மாவட்டத்துக் கல்லிலேயே இருக்கிறது. நான் வேலை செய்த இடத்தில் கூட இருந்த கன்னடக்காரர் நாகராஜ், ஆந்திராக்காரர் நாகேஸ்வர ராவ். அவர்கள் வீடுகளிலும் நாக வழிபாட்டை வைத்துத்தான் பெயராம், இரண்டு பேரும் சொன்ன கதை அப்படியே எங்கள் அம்மம்மா சொல்வதுதான்.

*

நான் கிளிநொச்சியில் படிப்பிக்கிறேன். பொடியன்களின் பெயர்கள் இப்போது எண்சாத்திரம் பார்த்து, ஷ், ஜ் சேர்த்து வருகின்றன, அது பெற்றோர் விருப்பம், சரி. இடாப்பில் நாகராசா, நாகேந்திரன் எல்லாம் இன்னும் இருக்கின்றன, அநேகமாகத் தகப்பன் பெயராக. உங்கள் மகன்போல் அதைத் தன் பெயராகவே வைத்திருக்கும் பிள்ளை வந்தால் எனக்குச் சந்தோசம். ஒன்று மட்டும், வகுப்பில் 'நாகு' என்று சுருக்க விடாதீர்கள், முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.