கட்டுரை நோட்டில் எதை முதலில் திருத்துவது?

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பத்தியில் முற்றுப்புள்ளியே இருக்காது. இருந்தால் வரி முடிகிற இடத்திலெல்லாம் இருக்கும். "வாக்கியம் முடிந்தால் புள்ளி வை" என்பது உதவாது. எங்கே முடிகிறது என்பதில்தானே குழப்பம்! வினைமுற்றுகளைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள்: வந்தான், பார்த்தது, இருக்கிறார்கள். வட்டத்துக்குப் பின்னால் புள்ளி. வந்து, பார்த்து போன்ற எச்சங்களுக்கு வட்டமில்லை. பாடநூலிலிருந்து ஆறு வரியைக் குறிகள் இல்லாமல் எழுதிக் கொடுங்கள். தினம் பத்து நிமிடம் போதும். 'வருவேன் என்று சொன்னான்' என்பது இடறும்: வட்டம் இரண்டு, புள்ளி ஒன்று. 'இது என் வீடு' போல வினையே இல்லாதவற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம்.

*

அந்த வட்டத்திலேயே இன்னொரு பிழையும் அகப்படும். "நான் வீட்டுக்கு வந்து அம்மா தோசை சுட்டாள்." வந்தவர் ஒருவர், சுட்டவர் வேறொருவர். ஆள் மாறினால் 'வந்ததும்' அல்லது 'வந்தபோது' என்று மாற்ற வேண்டும். ('மழை பெய்து குளம் நிறைந்தது' சரிதானே என்று சுட்டியான பிள்ளை கேட்கும். காரணமும் விளைவுமாக வரும்போது அது வழக்கில் உண்டு. கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.)

"மாடுகள் மேய்ந்தது" என்பது கவனக்குறைவு அல்ல. பேச்சில் 'மாடுங்க மேயுது' என்கிறோம். காதில் விழுவது நோட்டில் இறங்குகிறது. அஃறிணை எழுவாயில் 'கள்' இருந்தால் அடிக்கோடிட்டு, வினையை மேய்ந்தன, மேய்கின்றன என்று மாற்றச் சொல்லுங்கள். எதிர்காலத்தில் தொல்லை இல்லை, 'மேயும்' இரண்டுக்கும் பொது.

*

மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி என்று மட்டும் கற்றுத்தர வேண்டாம். பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் மூச்சு விடுவார்கள். 'அக்கா வீட்டுக்கு வா', 'அக்கா, வீட்டுக்கு வா' இரண்டையும் எழுதிக் காட்டி, யாரை யார் கூப்பிடுகிறார் என்று கேளுங்கள். பிறகு பட்டியல்: 'அம்மா, அப்பா, தம்பி ஆகியோர்' என்றால் காற்புள்ளி வேண்டும், 'அம்மாவும் அப்பாவும் தம்பியும்' என்றால் 'உம்'மே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வினாக்குறியில் வழக்கமான தவறு, "எப்போது வருவாய் என்று கேட்டாள்?" கேள்வி உள்ளே இருக்கிறது, வாக்கியம் செய்தி. அம்மா, "எப்போது வருவாய்?" என்று கேட்டாள்.

*

ஒற்றுப்பிழையை இவற்றோடு கலக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு வகைப் பிழை மட்டும். மற்றவை கண்ணில் பட்டாலும் சிவப்பு மை வேண்டாம். பக்கம் முழுக்கச் சிவந்தால் அடுத்த கட்டுரை மூன்று வரியாகச் சுருங்கிவிடும். ஒற்றைத் தொடங்கும்போது 'கடைக்குப் போனான்', 'பாலைக் குடித்தாள்' என 'கு', 'ஐ' உருபுகள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.