பொதுச்சுவர் உள்ள பழைய வீட்டை இடிக்கத் தகுதியான ஒப்பந்ததாரர்

கேள்வி:
வணக்கம். மயிலாப்பூரில் எங்கள் பாட்டனார் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீட்டை (மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட கூரை கொண்டது) இடிக்க வேண்டியுள்ளது. ஒரு சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுவானது. அங்கே வயதான தம்பதியர் வசிப்பதால் அச்சமாக இருக்கிறது. தகுதியான ஒப்பந்ததாரரை எப்படி அறிவது?

மறுமொழி 1:
ஐயா, நான் கட்டடப் பொறியாளர். அவ்வகைக் கூரையில் தேக்கு உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் செருகப்பட்டிருக்கும். பொக்லைனால் இழுத்தால் பொதுச்சுவர் அதிரும் என்பதால், முட்டுக் கொடுத்து, அறுத்துத்தான் இறக்க வேண்டும். கட்டட இடிப்புப் பாதுகாப்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4130-உம் மேலிருந்து கீழாக இடிப்பதையே வலியுறுத்துகிறது. இந்த வரிசையை விளக்கத் தெரியாதவரை, எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், அமர்த்தாதீர்கள். தொடங்கும் முன் பக்கத்து வீட்டின் விரிசல்களைத் தேதியுடன் படமெடுத்து, அவர்களுக்கும் ஒரு படி கொடுங்கள்.

மறுமொழி 2:
மாநகராட்சி அனுமதி, மின் இணைப்புத் துண்டிப்பு, தொழிலாளர்களுக்கான விபத்துக் காப்பீடு மூன்றையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். எங்கள் வீட்டை இடித்தவர் இடிபாடுகளை இரவோடிரவாக ஏரிக்கரையில் கொட்டிவிட்டார். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. பெருங்குடி அல்லது கொடுங்கையூரில் உள்ள கட்டட இடிபாட்டு மையத்தில் ஒப்படைத்த ரசீதைக் காட்டினால்தான் கடைசித் தவணை என எழுதிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
இடிப்பவர் எடுத்துக்கொள்ளும் தேக்கு, கதவு, நிலை ஆகியவற்றின் மதிப்பை வேறொருவரிடம் தனியாகக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள், ஐயா.