பையன் செலவு, வீக்எண்ட், தீபாவளி... பிரிஞ்ச பிறகு இதெல்லாம் எப்படிங்க மேனேஜ் பண்றீங்க?

தாம்பரம்_அம்மா:
நானும் அவரும் பிரிஞ்சு ஒண்ணேகால் வருஷம் ஆச்சு, மியூச்சுவல்ல, அதாவது ரெண்டு பேரும் சம்மதிச்சு டைவர்ஸ் போட்டு ஃபர்ஸ்ட் மோஷன் (கோர்ட்ல முதல் கட்டம்) முடிஞ்சுது. பையனுக்கு 8 வயசு, மூணாங்கிளாஸ், என்கூட தாம்பரத்துல இருக்கான், அவர் அம்பத்தூர்ல. பையன் யார்கிட்டங்கறதுல சண்டையே இல்ல, சண்டை எல்லாம் சில்லறை விஷயத்துலதான். மாசம் 15 ஆயிரம் போடுறார், அதுலயே எல்லாம் அடங்கிடுச்சுங்கறார். ஸ்விம்மிங் கேம்ப்புக்கு 4,500 கட்டிட்டு பாதி கேட்டா "என்னைக் கேட்டா சேர்த்த?"ன்னு மெசேஜ். காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போனாலும் பில் அனுப்பு, பில் அனுப்புன்னு ஒரே இது. ஒண்ணுவிட்ட ஒரு சனிக்கிழமைன்னு வாயால பேசிக்கிட்டோம், இப்ப இந்த வாரம் யாரோடதுன்னே ரெண்டு பேருக்கும் தெரியல. தீபாவளிக்கு இப்பவே ரெண்டு பாட்டியும் போன் பண்ண ஆரம்பிச்சாச்சு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சனிக்கிழமை_அப்பா:
சிஸ்டர், நான் அந்தப் பக்கம் இருக்கற ஆளு, நாலு வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். முதல்ல அந்த பாதி பாதிங்கறத விடுங்க. எங்க வீட்ல அவங்க சம்பளம் 48, எனக்கு 72, அதனால 40க்கு 60. உங்க 4,500க்கு அந்தக் கணக்குப் போட்டா நீங்க 1,800, அவர் 2,700. ஒரு கூகுள் ஷீட், தேதி, என்ன செலவு, எவ்ளோ, யார் கட்டுனது, பில் போட்டோ, அவ்ளோதான். மாசம் 5ஆம் தேதி கழிச்சுப் பாத்து ஒரே ஒரு ஜிபே, நடுவுல யாரும் காசு கேக்கக்கூடாது. 1,500க்கு மேல போனா முன்னாடியே ஒரு மெசேஜ், ரெண்டு நாள்ல பதில் இல்லன்னா ஓகேன்னு அர்த்தம், ஆஸ்பத்திரிக்கு மட்டும் இந்த ரூல் கிடையாது. ஸ்கூல் ஃபீஸ் ஜூன், அக்டோபர், ஜனவரின்னு மொத்தமா வரும்ல, அத 12ஆ வகுத்து மாசாமாசம் எடுத்து வச்சிடுங்க, இல்லனா ஒவ்வொரு டேர்முக்கும் ஒரு போர்தான்.

தீபாவளி மேட்டர்ல நாங்க செமையா ஏமாந்தோம். ஒற்றைப்படை வருஷம் தீபாவளி அம்மாகிட்ட, பொங்கல் அப்பாகிட்ட, இரட்டைப்படை வருஷம் மாத்திக்கலாம்னு எழுதுனோம், கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. 2023 தீபாவளி அவங்ககிட்ட போச்சா, அடுத்த ரெண்டு மாசத்துல 2024 பொங்கல், இரட்டைப்படை, அதுவும் அவங்ககிட்டயே போயிடுச்சு! அந்த சீசன் முழுக்க எங்கம்மா பேரனுக்கு ஒரு முறுக்குகூட குடுக்க முடியல. காலண்டர் வருஷம் வேணாம், ஜூன் டு மே ஸ்கூல் வருஷம் வச்சு எழுதுங்க. அதே மாதிரி ஒண்ணுவிட்டு ஒண்ணுன்னு சொல்லாம 1, 3வது சனிக்கிழமைன்னு போடுங்க, அஞ்சாவது சனிக்கிழமை வர்ற மாசத்துக்கும் சேத்து.

குடும்ப_விளக்கு:
குழந்தைக்காக ரெண்டு பேரும் ஈகோவ விட்டுட்டு சேந்து வாழலாமே மா.

சனிக்கிழமை_அப்பா:
அவங்க கேட்டது ஷெட்யூல் சார்.

கருப்பு_கோட்டு:
மேடம், நான் ஃபேமிலி கோர்ட்ல ஜூனியர் வக்கீலா இருக்கேன், பொதுவா சொல்றேன், உங்க வக்கீல்கிட்டயும் கேட்டுக்கோங்க. சம்மதிச்சு டைவர்ஸ் வாங்கற 13பி பிரிவுல ஃபர்ஸ்ட் மோஷனுக்கும் செகண்ட் மோஷனுக்கும் நடுவுல இருக்கற இந்த நேரம்தான் இதயெல்லாம் எழுத சரியான நேரம். ஷீட்டு, சனிக்கிழமை, ஏப்ரல் மே லீவுல எத்தன நாள், எல்லாத்தையும் ஒப்பந்தத்துல போட்டு கோர்ட் ஆர்டர்ல வர வச்சிடுங்க, வாட்ஸப்ல பேசுனது பின்னாடி இழுபறி ஆகும். வருஷத்துக்கு ஒருதடவ தொகை ஏறணும்னும் எழுதுங்க, ஆறாங்கிளாஸ் ஃபீஸ் மூணாங்கிளாஸ் ஃபீஸ் மாதிரி இருக்காது. நிலைமை மாறுனா பிறகு இந்து திருமணச் சட்டம் 26வது பிரிவுல மாத்தக் கேக்கலாம். இன்னொண்ணு, பணம் வரலன்னு பையன அனுப்பாம இருக்காதீங்க, அவரும் பையன காட்டலன்னு பணத்த நிறுத்தக்கூடாது, ரெண்டும் தனித்தனி, இதுல கோபப்பட்டு மாட்டுனவங்கள வாராவாரம் பாக்கறேன். அப்புறம் இன்கம் டாக்ஸ்ல பழைய ரெஜிம்ல இருந்தா, ஸ்கூலுக்குக் கட்டுற டியூஷன் ஃபீஸுக்கான வரிக் கழிவு கட்டுனவங்களுக்குத்தான், அதனால ரசீது யார் பேர்லன்னு பேசிக்கோங்க.

ரெண்டு_வீட்டுப்_பொண்ணு:
அக்கா நான் அந்தப் பையன் இடத்துல வளந்தவ, இப்ப 24. எனக்கு நியாபகம் இருக்கறது அந்த பேக்தான். சனிக்கிழமை போறப்ப ஜாமெட்ரி பாக்ஸ விட்டுட்டா திங்கக்கிழமை எனக்குதான் திட்டு. பல் தேய்க்கிற பிரஷ், செருப்பு, ஒரு செட் யூனிஃபார்ம் ரெண்டு வீட்லயும் இருக்கட்டும். வாசல்ல வச்சு ஒப்படைக்காதீங்க, வெள்ளிக்கிழமை ஸ்கூல்லேருந்தே அவர் கூட்டிட்டுப் போகட்டும், உங்க ரெண்டு பேர் மூஞ்சிய மாத்தி மாத்தி அவன் பாக்க வேணாம். "அப்பாகிட்ட ஃபீஸ் கேளு"ன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லி அனுப்பாதீங்க. நான் ஆட்டோல போறப்ப அத எப்படி கேக்கறதுன்னு பிராக்டிஸ் பண்ணிட்டே போவேன்.

தாம்பரம்_அம்மா:
எல்லாருக்கும் தேங்க்ஸ். கடைசியா எழுதுனவங்களோடத படிச்சிட்டு கொஞ்ச நேரம் போன கீழ வச்சிட்டேன், ஏன்னா போன மாசம் நான் அதத்தான் பண்ணேன். நேத்து ஷீட் போட்டு அவருக்கு ஷேர் பண்ணேன், ஒரு மெசேஜும் போடல. காலைல பாத்தா அவரே முதல் வரிய நிரப்பி இருக்கார், ஷூ 1,150, பில்லோட. அவன் கால்ல இருக்கற ஷூவ எங்கம்மா வாங்கிக் குடுத்ததுன்னு நான் நெனச்சிட்டு இருந்தேன். 60:40க்கு சரின்னுட்டார். அஞ்சாவது சனிக்கிழமைக்குத்தான் இன்னும் பதில் வரல.