ஃபாரஸ்ட் ஃப்ரண்டியர்ஸ் 190 கெஸ்ட்லயே நிக்குது, எங்க தப்பு பண்றேன்?

கோஸ்டர்பிரியன்
பார்க் கட்டி நடத்தற கேம் ரோலர்கோஸ்டர் டைகூன் கிளாசிக் போன்ல ஆடறேன், முத மேப்தான். முத வருஷம் அக்டோபர் முடியறப்ப பார்க்ல 250 கெஸ்ட் இருக்கணும், பார்க் ரேட்டிங் 600க்கு கீழ போகக்கூடாது. இப்பவே ஜூலை ஆயிடுச்சு, 190ஐத் தாண்டல, ரேட்டிங்கும் இறங்குது. கையில இருந்த காசு மொத்தமும் போட்டு நானே பெரிய கோஸ்டர் ஒண்ணு டிசைன் பண்ணேன், இன்டென்சிட்டி (ரைடு எவ்ளோ கடுமைங்கற அளவு) 11.4 காட்டுது, ஒருத்தன்கூட ஏற மாட்டேங்குறான். லோனும் ஃபுல்லா எடுத்தாச்சு. மேப்ப மறுபடி ஆரம்பிக்கணுமா?

மழைக்குருவி
மறுபடியெல்லாம் வேணாம் ப்ரோ, இன்னும் டைம் இருக்கு. இன்டென்சிட்டி 10ஐத் தாண்டினா எக்சைட்மென்ட்டும் சேர்ந்து அடி வாங்கும், அதான் யாரும் ஏறல. வேகமா வர்ற எடத்துல வளைவு தட்டையா இருக்கும், பாருங்க, அத சாய்வு வளைவா மாத்துங்க, முத இறக்கத்தையும் கொஞ்சம் குறைங்க, திரும்ப டெஸ்ட் ஓட்டுங்க. 7, 8க்கு வந்துட்டா க்யூ நிரம்பும்.

பழையபார்க்
கோஸ்டர் சரி, ஆனா ரேட்டிங் ஏன் இறங்குதுன்னு பாருங்க. கெஸ்ட் மேல தட்டி என்ன நினைக்கிறாங்கன்னு படிங்க, நான் 99ல வந்த ஒரிஜினல் காலத்துலேர்ந்து இததான் மொதல்ல பாப்பேன். வழி தெரியல, வாந்தி அசிங்கமா இருக்கு, இந்த ரெண்டும் நிறைய வந்தா உங்க பாதைலதான் கோளாறு. பாதைய ரெண்டு கட்டம் அகலமா போட்டிருந்தா ஒத்த கட்டமா மாத்துங்க, அகலப் பாதைல கெஸ்ட் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம சுத்திக்கிட்டே இருப்பான், வீட்டுக்குப் போற வழியும் தெரியாம கோவம் ஏறும். ஹேண்டிமேனுக்கு, அதான் பார்க்க சுத்தம் பண்ற ஆளுக்கு, புல் வெட்டற டிக் ஆரம்பத்துலயே போட்டிருக்கும், அத எடுத்துடுங்க, இல்லேன்னா குப்பைய விட்டுட்டு புல்வெளிக்குப் போயிடுவான். குமட்டல் வர்ற ரைடு வெளிய வர்ற எடத்துல பெஞ்ச் நாலு போட்டு, அங்கேயே ஒரு ஆளுக்கு ஏரியா ஒதுக்குங்க. மெக்கானிக் இன்ஸ்பெக்ஷன் 30 நிமிஷத்துல இருக்கும், 10 ஆக்குங்க, ஒரு தடவ ட்ரெயின் மோதினா ரேட்டிங் அதோட போச்சு.

மழைக்குருவி
இன்னொண்ணு விட்டுட்டேன். எத்தன கெஸ்ட் வருவாங்கறது ரைடுங்களோட எண்ணிக்கையையும் பொறுத்தது, அதனால ஒரே பெருசு கட்டாம, விலை கம்மியா வேற வேற வகைல சின்ன ரைடு நாலஞ்சு போடுங்க, ஒரே வகைல ரெண்டு வேணாம், அதோட மதிப்பு குறையும். காசுக்கு, இன்ஃபர்மேஷன் கியாஸ்க்ல குடை விலைய மழை பெய்யறப்ப 20 வரைக்கும் ஏத்துங்க, அப்ப அவன் விலையே பாக்க மாட்டான். "நல்ல விலை"ன்னு நெறைய பேர் நினைக்கிற ரைடுக்கு டிக்கெட்ட கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, விலை அதிகம்னு சொல்ல ஆரம்பிச்சா நிறுத்துங்க.

கோஸ்டர்பிரியன்
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்! பாதையெல்லாம் ரெண்டு கட்டமாதான் போட்டு வச்சிருக்கேன், அழகா இருக்கும்னு. இப்ப ஒத்தையா மாத்தினேன், வளைவும் சாய்ச்சாச்சு, இன்டென்சிட்டி 8.1, க்யூல 30 பேர் நிக்கறாங்க. ஆனா க்யூ நீளமாயிடுச்சு, ரொம்ப நேரமா நிக்கறோம்னு சொல்றாங்க, இன்னொரு ட்ரெயின் விடலாமா, இல்ல க்யூவையே சுருக்கணுமா?

பழையபார்க்
மொதல்ல க்யூவ பாதியா வெட்டுங்க, காசு செலவில்ல. ட்ரெயின அப்புறம் பாக்கலாம், பிளாக் பிரேக் (முன்னாடி ட்ரெயின் நகர்ற வரைக்கும் பின்னாடி வர்றத நிறுத்தி வைக்கற பிரேக்) இல்லாம ரெண்டு விட்டா ஸ்டேஷன் பிரேக் பழுதாகறப்ப மோதிடும்.